கீறல் விழுந்த ரெக்கார்டு!

உங்க செல்லை ஆஃப் பண்ணிட்டு ட்யூப்லைட் வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. என்ன தெரியுது? குறுக்கும் நெடுக்குமா நாலு கோடு தெரிஞ்சா, வெல்கம் டு தி கிளப்!

நம்ம கதை இது. ஊர் திருக்கழுக்குன்றம். அப்பா சீட்டு எடுத்த காசுல வாங்கிக் கொடுத்த போன். பெட்டியில 'கீறலே விழாத கண்ணாடி'ன்னு கொட்டை எழுத்து. வாங்கி பதினோராவது நாள் பசங்களோட மாமல்லபுரம் பீச். போனை எடுத்தது செல்ஃபிக்கு மட்டும்தான், மத்த நேரம் ஜீன்ஸ் பாக்கெட்ல. வீட்டுக்கு வந்து துடைச்சா, ஸ்க்ரீன் நடுவுல அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு! செங்கல்பட்டு பஸ் பிடிச்சு சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். அங்க இருந்த அண்ணன் போனை ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, இது பிசிகல் டேமேஜ். வாரன்டியில வராது. ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டி, கவர் போட்டுக்கோங்க."

இந்த டயலாக்குக்கு என் வயசு ஆகுதுன்னா நம்புவீங்களா?

2005 செப்டம்பர். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு, ஜீன்ஸ்ல எதுக்குன்னே தெரியாம இருக்குமே ஒரு குட்டி பாக்கெட், அதுக்குள்ள கைவிட்டு ஐபாட் நானோவை எடுத்தார். கைதட்டல் பறந்துச்சு. விலை 199 டாலர்ல ஆரம்பம். தடிமன் 7 மில்லிமீட்டர்கூட இல்லை. பாக்கெட்லதான் வைக்கணும்னு அவரே காட்டிட்டார்ல? ஜனங்களும் வெச்சாங்க. சாவி, சில்லறையோட சேர்த்து!

சில வாரத்துலயே புகார் குவிஞ்சுது. முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கறுப்பு நானோல கீறல் இன்னும் பளிச். சில பேருக்கு ஸ்க்ரீன்ல எழுத்தே படிக்க முடியாத நிலைமை. ஆப்பிள் என்ன சொல்லுச்சு தெரியுமா? ஸ்க்ரீன் விரிசல் விட்ட கேஸை ஒத்துக்கிட்டாங்க: சப்ளையரோட தரக் கோளாறு, ஆயிரத்துல ஒண்ணுக்கும் கம்மி, மாத்தித் தர்றோம்னு. ஆனா கீறலுக்கு? முந்தைய ஐபாட்ல போட்ட அதே பிளாஸ்டிக்தான், பெருசா புகார் இல்லை, கவலையா இருந்தா கவர் வாங்கிப் போட்டுக்கோங்க. அம்புட்டுதான்!

அமெரிக்க கஸ்டமர்ஸ் விடலை. அக்டோபர்லயே கலிஃபோர்னியாவுல எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. இதைத்தான் 'கிளாஸ் ஆக்‌ஷன்'னு சொல்றாங்க. மூணு வருஷத்துக்கு மேல இழுத்து, 2009-ல ஆப்பிள் 2 கோடியே 25 லட்சம் டாலருக்கு சமாதானத்துக்கு வந்துச்சு. தப்பு பண்ணோம்னு மட்டும் ஒத்துக்கலை. உறை இல்லாம நானோ வாங்கினவங்களுக்கு 25 டாலர், உறையோட வாங்கினவங்களுக்கு 15 டாலர்னு பேச்சு. ஆமா, கேஸ் விழுந்த பிறகு டப்பாவுக்குள்ள ஒரு உறையும் சேர்ந்து வர ஆரம்பிச்சிருந்தது! 2006-ல வந்த அடுத்த நானோவுக்கு அலுமினிய உடம்பு. வாயால ஒத்துக்காததை டிசைன்ல ஒத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்வேன்.

இன்னொரு காமெடி. 2007-ல ஐபோன் கடைக்கு வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஜாப்ஸோட சொந்த பாக்கெட்ல இருந்த சாவி, சாம்பிள் போனோட பிளாஸ்டிக் ஸ்க்ரீனைக் கீறிடுச்சு. மனுஷன் டென்ஷனாகி, உடனே கண்ணாடி வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். கார்னிங் கம்பெனி கண்ணாடி வந்தது அப்படித்தான். நம்ம பாக்கெட்ல கீறினா 'கவர் போடு', அவர் பாக்கெட்ல கீறினா மெட்டீரியலே மாறுது!

சரி, கண்ணாடிக்கு வந்தாச்சே, என் போன் ஏன் கீறிச்சு? மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச நானே சொல்றேன், கேளுங்க. எது எதைக் கீறும்னு சொல்ல 'மோஸ்'னு ஒரு அளவுகோல் இருக்கு. டால்க் 1, வைரம் 10. செல்போன் கண்ணாடி 6-ஐ ஒட்டி. இரும்புச் சாவி அதுக்கும் கீழே, அதனால சாவி பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா கடற்கரை மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7! சிற்பப் பட்டறைகள்ல பறக்குற கல் தூசியிலயும் அது உண்டு. பாக்கெட்ல ஒரே ஒரு மணல் இருந்தாப் போதும். கண்ணாடியை சூட்டுல உருகின பொட்டாசியம் உப்புல முக்கி, சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தைத் திணிக்கிறாங்க. மேல்தோல் இறுகும், கீழே விழுந்தா சட்டுனு உடையாது. ஆனா அதுக்காக மணலை ஜெயிச்சிடாது.

அதாவது, கீறல் விழுந்தது குத்தம் இல்லை மக்கா. 'கீறலே விழாது'ன்னு பெட்டியில போட்டாங்க பாருங்க, அதுதான் குத்தம். ஆப்பிளே இதுல உஷார். 2016-ல ஐபோன் 7 ஜெட் பிளாக் வந்தப்போ, பளபளப்புல பொடிக் கீறல் விழலாம், கவலைன்னா கவர் போடுங்கன்னு விற்கும்போதே அடிக்குறிப்பு போட்டுட்டாங்க. அதே பழைய பாட்டுதான். ஆனா முன்னாடியே பாடிட்டாங்க, அதனால சண்டை போட முடியாது!

நம்ம ஊர்ல சண்டை போட வழி? இருக்கு. 2019-ல நிறைவேறி 2020 ஜூலையில அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி ஆபீஸ் டெல்லியில இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம். எனக்கு செங்கல்பட்டு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயம் இல்லை. ஒரே மாதிரி ஏமாந்த பல பேருக்காக ஒருத்தர் அனுமதி வாங்கி மனு போடவும் சட்டத்துல இடம் இருக்கு, நம்ம ஊர் கிளாஸ் ஆக்‌ஷன் மாதிரி. பொய் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். இவ்வளவும் வேணாம்னா, முதல்ல 1915-க்கு ஒரு போன். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அவங்க புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பாங்க. ஒரே கண்டிஷன்: பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க! நம்ம வீட்ல அம்மா அந்தப் பெட்டியில ஊசி நூல் போட்டு வெச்சிருந்தாங்க. கொட்டிட்டு, அந்தக் கொட்டை எழுத்தை போட்டோ எடுத்தேன், கீறல் விழுந்த அதே செல்லுலதான்!

அப்பாகிட்ட சொன்னப்போ, "பேசத்தானே போன் வாங்கினோம், பேசுதுல்ல?"ன்னு கேட்டுட்டு சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கு. அதைப் பத்தி அவர் பேசலை.

போன வாரம் 1915-க்கு அடிச்சாச்சு. புகார் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்திருக்கு. கம்பெனி பதிலுக்கு வெயிட்டிங். கவர் போடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், ஏற்கெனவே நூத்தம்பது ரூபாய்க்கு வாங்கிப் போட்டாச்சு!