வெஸ் மான்ட்கோமரி

ஜான் லெஸ்லி "வெஸ்" மான்ட்கோமரி (மார்ச் 6, 1923 – ஜூன் 15, 1968) ஓர் அமெரிக்க ஜாஸ் கிட்டார் இசைக்கலைஞர் ஆவார். இந்தியானா மாநிலத்தின் இந்தியானாபொலிஸ் நகரில் பிறந்தவர். கட்டைவிரலால் மீட்டும் முறையும், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிக்கும் முறையும் இவரது அடையாளங்களாகக் கருதப்படுகின்றன.

இளமையும் பயிற்சியும்

சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்ட பின்னர், ஏறத்தாழ இருபது வயதில்தான் இவர் ஆறு கம்பிக் கிட்டாரைக் கையில் எடுத்தார். ஆசிரியர் எவருமில்லை, இசைக்குறியீடுகளை வாசிக்கவும் தெரியாது. கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளைச் செவிவழியாகவே மனனம் செய்தார். 1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் பணியாற்றி, பின் ஊர் திரும்பினார். பல ஆண்டுகள் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் மதுவிடுதிகளில் வாசிப்பு என வாழ்ந்தார். 1959இல் இவரது வாசிப்பைக் கேட்ட சாக்சபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் பரிந்துரையால் ரிவர்சைடு நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது.

இசை நடை

ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் பெரும்பாலும் 'பிக்' எனப்படும் சிறு தகட்டால் கம்பிகளை மீட்டுவர். அயலாருக்குத் தொல்லை தராமல் இரவில் பயில்வதற்காக மான்ட்கோமரி கட்டைவிரலுக்கு மாறினார் என்று கூறப்படுகிறது. தகட்டின் கூர்மையான ஓசைக்கு மாறாக, தசையில் பட்டு எழும் ஒலி மென்மையும் கனமும் உடையது.

மத்திய ஸ்தாயிச் சட்சமத்தையும் மேல் சட்சமத்தையும் ஒரே வீச்சில் ஒலிப்பதாகக் கொண்டால் இவரது இரட்டைச் சுர முறை விளங்கும். இவ்விரு சுரங்களும் அடுத்தடுத்த கம்பிகளில் அமைவதில்லை. இடையில் ஒரு கம்பி குறுக்கிடுகிறது. அதுவும் ஒலித்தால் இசை கெடும். ஆகவே இடக்கைச் சுட்டுவிரல் கீழ்ச் சுரத்தை அழுத்தும்போதே, அதன் உட்பகுதி இடைக்கம்பியை மெல்லத் தொட்டு ஒலிக்காமல் தடுக்கிறது. தடித்த கம்பிகளில் இரு விரல்களுக்கும் இடையே இரண்டு மெட்டு தூரம்; மெல்லிய கம்பிகளில் மூன்று. இம்மாற்றங்களுக்கிடையே விரைவான மனோதர்ம வரிகளை வாசிப்பது எளிதன்று. ஜாங்கோ ரைன்ஹார்ட் முன்னரே இம்முறையைக் கையாண்டிருந்தாலும், முழுத் தனி வாசிப்பையும் அதன்மேல் கட்டியவர் மான்ட்கோமரியே.

இவரது தனி வாசிப்பு பெரும்பாலும் ஒற்றைச் சுர வரிகளில் தொடங்கி, இரட்டைச் சுரங்களுக்கு உயர்ந்து, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளில் உச்சம் அடையும். 1960, 1962ஆம் ஆண்டுகளின் ரிவர்சைடு பதிவுகளில் இதனைத் தெளிவாகக் கேட்கலாம்.

பிற்காலமும் தாக்கமும்

1964க்குப் பின் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரின் மேற்பார்வையில், பெரும் வாத்தியக் குழுவுடன் புகழ்பெற்ற பாடல்களை வாசித்தார். 'கோயின் அவுட் ஆஃப் மை ஹெட்' தொகுப்பு கிராமி விருது பெற்றது. இப்பதிவுகளில் இரட்டைச் சுரம் மெட்டைப் பாடும் அழகிய குரலாகச் சுருங்கி, மனோதர்மம் குறைந்தது என்ற விமரிசகர்களின் குறையில் உண்மை உண்டு. ஆயினும், விண்டன் கெல்லி மூவருடன் 1965இல் பதிவான 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' தொகுப்பின் மேடை வாசிப்புகள் அவரது ஆற்றல் குறையவில்லை என்பதைக் காட்டுகின்றன. மூன்றாண்டுகளுக்குப் பின், 45ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

ஜார்ஜ் பென்சன், பாட் மார்ட்டினோ, பாட் மெத்தீனி ஆகியோர் இவரைப் பின்பற்றி வளர்ந்தவர்கள். பென்சன் இரு சுரங்களுக்கு இடையே மூன்றாவது சுரம் ஒன்றையும் சேர்த்து இம்முறையை விரித்தார். எமிலி ரெம்லர் 1988இல் 'ஈஸ்ட் டு வெஸ்' என்ற தொகுப்பை இவர் நினைவாக வெளியிட்டார்.