பரிவலியர் பலர்: ஒருபெயர்மை குறித்த ஓர் ஆய்வு

வேறுவேறான பொருள்களோ ஆள்களோ தம் இயல்பால் ஒன்றாகாமல், பெயரால் மட்டும் ஒன்றுபட்டு நிற்கும் நிலையே ஒருபெயர்மை. ஒரே பெயரைத் தாங்கிய பலரை ஒருபெயரர் என்று வழங்கலாம். கிரேக்க மெய்யியலறிஞர் அரிசுட்டாட்டில், பொருள்வகைகளை ஆராயும் தம் நூலை இந்த ஒருபெயர்மையின் வரையறையோடு தொடங்கினார். உயிருள்ள மாந்தனையும் தீட்டிய ஓவியத்தையும் தம் மொழி ஒரே சொல்லால் குறிப்பதை எடுத்துக்காட்டி, அங்கே பெயர் ஒன்றே, பொருளின் வரையறை வேறு என்று தெளிவுறுத்தினார். பெயர்களைப் பிரித்தறிந்த பின்னரே பொருள்களை வகைப்படுத்த இயலும் என்பது அத்தொடக்கத்தால் விளங்கும்.

தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல்லை ஆராய்ந்து, அதனை இரு வகையாகப் பகுத்தார். வினையால் வேறுபடுவது ஒரு வகை. வினையால் வேறுபடாதது மற்றொரு வகை. முன்னதன் பொருளை அது கொண்ட வினை, அதனோடு வந்த இனம், அது நின்ற சார்பு ஆகிய மூன்றால் தெளியலாம். பின்னதைச் சொல்வோரே விளங்க எடுத்துரைத்தல் வேண்டும். மா என்னும் சொல் மரத்தையும் குறிக்கும். குதிரை முதலிய விலங்கையும் குறிக்கும். மா காய்த்தது என்றால் மரம்; மா கனைத்தது என்றால் குதிரை. மா சாய்ந்தது என்றால் மரமும் சாயும், குதிரையும் சாயும். அடைமொழி இன்றிப் பொருள் துணிய இயலாது. சொற்களுக்கென வகுத்த இந்நெறி ஆள்களுக்கும் அப்படியே பொருந்துவதைப் பண்டைக் கிரேக்கப் பெயர் ஒன்றைக்கொண்டு காண்போம். அப்பெயர் இப்போக்கிரட்டீசு.

கிரேக்க மொழியில் இப்போசு என்பது குதிரை. கிராட்டோசு என்பது வலிமை. இரண்டும் புணர்ந்த இப்பெயரைத் தமிழில் பரிவலியன் எனப் பெயர்த்துரைக்கலாம். குதிரை வளர்ப்பது அந்நாட்டில் செல்வர்க்கே இயன்றது. ஏதென்சில் சோலோன் வகுத்த நான்கு செல்வ நிலைகளுள் இரண்டாவது நிலையினர் குதிரையர் என்றே பெயர் பெற்றனர். ஆதலால் குதிரையைக் குறிக்கும் சொல் உயர்குடிப் பெயர்களில் மிகுதியாகக் கலந்தது. பிலிப்பு என்பதும் குதிரை விரும்பி என்னும் பொருளுடைய பெயரே. கி.மு. 423-இல் அரங்கேறிய அரிசுட்டோபனீசின் 'மேகங்கள்' நாடகத்தில், மகனுக்குப் பெயரிடுவதில் பெற்றோர் பூசலிடுகின்றனர். தாய் குதிரையைக் குறிக்கும் சொல் அமைந்த பெயரை வேண்டுகிறாள். தந்தையோ சிக்கனத்தைக் குறிக்கும் பாட்டன் பெயரை வேண்டுகிறார். இரண்டையும் இணைத்துப் பெயிதிப்பிடீசு என்று இட்ட பின்னரே பூசல் தீர்கிறது.

ஒருபெயர்மை பெருகிய கரணியமும் இங்கேயே கிடைக்கிறது. கிரேக்கர் ஒருவர்க்கு ஒரு பெயரே இட்டனர்; குடிப்பெயர் என்று தனியே ஒன்று இல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது பரவலான வழக்கம். தமிழர்க்கு இது புதிதன்று. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். இவ்வழக்கத்தால் ஒரு கால்வழியில் ஒரே பெயர் தலைமுறை இடையிட்டு மீண்டும் மீண்டும் தோன்றும். இடர் நேராமல் காக்க மூவகை அடைமொழிகளைக் கிரேக்கர் கையாண்டனர். முதலாவது தந்தைவழி அடை; இரண்டாவது, பிற ஊரில் வாழ்வோர்க்கு உரிய ஊர்வழி அடை; மூன்றாவது, கி.மு. 508-ஐ ஒட்டிக் கிளெய்சுதனீசு செய்த சீர்திருத்தத்தின் பின் ஏதென்சு நகரார்க்கு வாய்த்த ஊர்ப்பிரிவு அடை. தந்தைவழி அடை இனத்தைச் சுட்டும். ஊரும் ஊர்ப்பிரிவும் சார்பைச் சுட்டும். எஞ்சிய வினையை அவரவர் வாழ்க்கை சுட்டும். இம்மூன்றையும் கைக்கொண்டு பரிவலியரைப் பிரித்துக் காண்போம்.

ஆட்சியாலும் போராலும் அறியப்பட்டோர் முதற்பிரிவினர். ஏதென்சில் தனியாட்சி நிறுவிய பெய்சிசுத்திராத்தின் தந்தை ஓர் இப்போக்கிரட்டீசு. சிசிலித் தீவின் கெலா நகரைக் கி.மு. 498 முதல் 491 வரை ஆண்ட தனியாட்சியாளர் மற்றோர் இப்போக்கிரட்டீசு. அவர்தம் குதிரைப்படைத் தலைவர் கெலோனே அவர்க்குப்பின் ஆட்சியைக் கைப்பற்றினார். பெரும்புகழ் பெற்ற பெரிக்கிளீசின் தாய்வழிப் பாட்டன் இன்னோர் இப்போக்கிரட்டீசு. பெரிக்கிளீசின் உடன்பிறந்தவரான அரிபுரோனின் மகனுக்கும் அப்பெயரே அமைந்தது. படைத்தலைவரான அம்மகன் கி.மு. 424-இல் தெலியம் போர்க்களத்தில் வீழ்ந்தார். இந்நால்வரையும் குடியும் ஊரும் தெளிவாகப் பிரித்துவிடுகின்றன.

அறிவால் அறியப்பட்டோர் இரண்டாம் பிரிவினர். அவர்களிடம் செல்லும் வாயிலைப் பிளாட்டோவின் 'புரோத்தகோரசு' என்னும் உரையாடல் திறந்துவிடுகிறது. விடியலுக்கு முன்னரே ஓர் இளைஞன் சாக்கிரட்டீசின் கதவைத் தட்டி, புரோத்தகோரசு என்னும் அறிஞர் நகருக்கு வந்திருப்பதாகவும், தான் அவரிடம் கல்வி பெற விழைவதாகவும் கூறுகிறான். அப்பல்லோதோரசின் மகனாகிய அவன் பெயர் இப்போக்கிரட்டீசு. அவரிடம் எதைக் கற்கப் போகிறாய் என்று ஆராயும் சாக்கிரட்டீசு, உன் பெயரைத் தாங்கிய, மருத்துவக் கால்வழியினரான கோசுத் தீவு மருத்துவரிடம் பொருள் கொடுத்துச் சென்றால் நீ எவ்வாறு ஆவாய் என்று வினவுகிறார். மருத்துவன் ஆவேன் என்பது இளைஞனின் விடை. இங்கே ஊரும் சொல்லப்பட்டது. மருத்துவக் கால்வழியும் சொல்லப்பட்டது. தொழிலும் வினாவுக்குள் அடங்கியது. சார்பு, இனம், வினை என்னும் மூன்றும் ஒரே வினாவில் ஒருங்கு நின்று, இளைஞன் பெயரையும் மருத்துவர் பெயரையும் மயக்கமறப் பிரித்துவிட்டன.

அம்மருத்துவர் ஏறத்தாழக் கி.மு. 460-இல் சிற்றாசியாவின் தென்மேற்குக் கரையை அடுத்த கோசுத் தீவில் பிறந்தார். அவர் பெயரால் ஏறத்தாழ 60 மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று, இறைநோய் என்று மக்கள் அஞ்சிய வலிப்பு நோயை ஆராய்ந்து, அது பிற நோய்களைப் போன்றே இயற்கையில் தோன்றுவது என்றும், அதன் நிலைக்களன் மூளை என்றும் நிறுவ முயன்றது. மற்றொன்று காற்றும் நீரும் நிலமும் உடல்நலத்தை எவ்வாறு ஆள்கின்றன என்று கூறியது. 'கொள்ளைநோய்கள்' என்னும் தொகுதியின் முதல் நூலிலும் மூன்றாம் நூலிலும் 42 நோயாளர் பற்றிய குறிப்புகள் நாள்வரிசையில் பதிவாகியுள்ளன. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தோரை மட்டும் காட்டித் தம் பெருமை பேசாமல், இறந்தோரையும் ஒளியாமல் எழுதிய அந்நேர்மையே மருத்துவத்தை அறிவியலாக்கியது.

அவர் காலத்தவராகவே வாழ்ந்தார் வடிவியலறிஞர் இப்போக்கிரட்டீசு. அவர் ஊர் கியோசு. அதுவும் ஈசியன் கடலில் சிற்றாசியக் கரையை ஒட்டிய தீவே. பெயரும் ஒன்று, காலமும் ஒன்று, ஊர்ப்பெயரின் ஒலியும் ஏறக்குறைய ஒன்று என்பதனால், சார்பு என்னும் கருவி இங்கே ஓரெழுத்தளவில் நிற்கிறது. வினையே பெருந்துணை ஆகிறது. கடல் வணிகத்தில் பெரும்பொருள் இழந்த இவர் ஏதென்சை அடைந்து வடிவியலில் தலைசிறந்தார் என்பது பண்டையோர் குறிப்பு. வடிவியலின் அடிப்படைகளை முறைப்படுத்தி முதன்முதல் நூல் யாத்தவர் இவரே என்பர். யூக்கிளிடின் நூல் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னரே எழுந்தது.

வளைகோட்டால் அமைந்த பரப்பை நேர்கோட்டு வடிவத்திற்கு நிகராக்கிக் காட்டியது இவருடைய தலையாய ஆக்கம். இரண்டு வட்ட விற்களுக்கு இடைப்பட்ட வடிவைப் பிறை என்போம். ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் விட்டத்தைச் செங்கோணத்தின் எதிர்ப்பக்கமாகிய செம்பக்கமாகக் கொண்டு, மற்றை இரு பக்கங்களும் ஒத்த செங்கோண முக்கோணத்தை அதனுள் அமைக்க. அவ்விரு பக்கங்களுக்கும் அரைவட்ட வில்லுக்கும் இடையே இரண்டு சிறு வட்டத்துண்டுகள் எஞ்சும். அவற்றோடு வடிவொத்த பெருந்துண்டு ஒன்றைச் செம்பக்கத்தின்மேல், முக்கோணத்தின் உட்புறமாக வரைக. பெருந்துண்டின் வில்லுக்கும் அரைவட்ட வில்லுக்கும் இடையே அமைவதே நாம் கருதும் பிறை.

வடிவொத்த வட்டத்துண்டுகளின் பரப்புகள், அவற்றின் அடிக்கோடுகள்மேல் அமையும் சதுரங்களின் தகவிலேயே நிற்கும். செங்கோண முக்கோணத்தில் செம்பக்கத்தின் சதுரம், மற்றை இரு பக்கச் சதுரங்களின் கூட்டுத்தொகைக்கு நிகர். ஆதலால் பெருந்துண்டு, சிறுதுண்டுகள் இரண்டும் சேர்ந்த அளவினது. அரைவட்டத்திலிருந்து பெருந்துண்டை நீக்கினால் எஞ்சுவது பிறை. சிறுதுண்டுகள் இரண்டையும் நீக்கினால் எஞ்சுவது முக்கோணம். ஒன்றிலிருந்து நிகரானவற்றை நீக்க எஞ்சுபவையும் நிகராதலின், பிறையின் பரப்பு முக்கோணத்தின் பரப்பே. ஒத்த பக்கம் ஒவ்வொன்றும் 10 அலகாயின், பிறையின் பரப்பு வழுவாமல் 50 சதுர அலகு. இரண்டு விற்களால் சூழப்பட்ட வளைபரப்பு, வட்டத்தின் சுற்றுக்கும் விட்டத்திற்கும் உள்ள முடிவிலாத் தகவைச் சிறிதும் வேண்டாமல் முழுவெண்ணாக விளைகிறது. இத்தகைய பிறைகளுள் மூன்று வகையை அவர் கண்டார். அளவுகோலும் கவராயமும் கொண்டு சதுரமாக்கத்தக்க பிறை வகைகள் ஐந்தே என்பது 20-ஆம் நூற்றாண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. வட்டத்தை அவ்வாறு சதுரமாக்க இயலாது என்பதை 1882-இல் இலிண்டெமான் நிறுவினார்.

ஆறு முகங்களும் ஒத்த சதுரங்களாய் அமைந்த திண்மத்தை, வடிவு மாறாமல் கொள்ளளவில் இரட்டிப்பது எவ்வாறு என்பது அக்காலத்தின் மற்றொரு சிக்கல். இரு நீளங்களுக்கிடையே இரண்டு இடைத்தகவு அளவுகளைக் காண்பதாக அதனை மாற்றியமைத்தவரும் கியோசு அறிஞரே. 1, 2, 4, 8 என்னும் வரிசையில் 1-க்கும் 8-க்கும் இடையே 2, 4 என்பன இடைத்தகவுகள்; முதல் இடைத்தகவாகிய 2-ஐப் பக்கமாகக் கொண்ட திண்மம், 1-ஐப் பக்கமாகக் கொண்டதைப்போல் எட்டு மடங்கு. எட்டுக்கு மாறாக இரண்டை ஈற்றில் நிறுத்தினால் இரட்டிக்கும் பக்கம் கிடைக்கும். விடையறியா வினாவை விடைகாணத்தக்க மற்றொரு வினாவாக மாற்றும் இவ்வழி, கணிதவியலின் நிலைத்த கருவியாயிற்று.

வால்வெள்ளி குறித்தும் இவர்க்குக் கருத்து உண்டு. அது கோள்களுள் ஒன்று என்றும், அதன் வால் அதற்கே உரிய உறுப்பன்று என்றும் இவரும் இவர் மாணவர் ஈசுக்கிலசும் கருதியதை அரிசுட்டாட்டில் எடுத்துரைக்கிறார். இம்மாணவர் துன்பியல் நாடகங்கள் இயற்றிய ஈசுக்கிலசு அல்லர்; வேறொருவர். ஒரு பெயரின் மயக்கத்தைத் தீர்க்கப் புகுந்த இடத்தில் மற்றொரு பெயரின் மயக்கம் காத்திருக்கிறது. அதனைத் தீர்ப்பதும் வினையே.

இதுகாறும் கண்டோர் அனைவரும் தொல்காப்பியர் கூறிய முதல் வகையினர்; வினையோ இனமோ சார்போ அவர்களைப் பிரித்தது. இரண்டாம் வகை கோசுத் தீவிலேயே உள்ளது. மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பாட்டன் பெயரும் இப்போக்கிரட்டீசு என்றும், அவர் மைந்தர் தெசலசு, திராக்கோன் இருவரும் தத்தம் மகனுக்கு அப்பெயரையே இட்டனர் என்றும் மரபுச் செய்திகள் கூறும். பைசாந்தியத்தில் 10-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சூடா என்னும் பேரகராதி, அக்கால்வழியில் இப்போக்கிரட்டீசு எழுவரை எண்ணுகிறது. ஊர் ஒன்று, குடி ஒன்று, தொழிலும் மருத்துவமே. மூன்று கருவிகளும் ஒருங்கே மழுங்கும் இடம் இது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அந்நூல்களுக்கு விரிவுரை எழுதிய மருத்துவர் கேலன், எந்நூல் பாட்டனது, எந்நூல் பேரனது என்று ஆராய நேர்ந்தது. கோசுத் தீவினர் பேசியது தோரிய வழக்கு. நூல்களோ அயோனிய வழக்கின. கொள்கைகளும் நூலுக்கு நூல் முரண்படுகின்றன. ஆதலால் அவை பலர் கைப்பட எழுந்தவை என்பதே இன்றைய அறிஞர் துணிபு. எழுதியோர் தம்மை விளங்க எடுத்துரையாமையின் பயன், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தீராத ஐயமாக நிற்கிறது.

இவ்வகை இடரைப் பண்டையோரே உணர்ந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியா ஊரினரான தெமெத்திரியசு, ஒரே பெயருடைய புலவர்களையும் எழுத்தாளர்களையும் பற்றித் தனிநூலே இயற்றினார். அதனைப் பயன்படுத்திய தியோகெனீசு இலயெர்த்தியசு, மெய்யியலார் வரலாறுகளின் இறுதியில் ஒருபெயரரை எண்ணிக் காட்டினார். சீனோன் என்னும் பெயரில் மட்டும் எண்மரைக் குறித்து, அவர்களுள் வரலாற்றாசிரியர், மருத்துவர், இலக்கண அறிஞர் என வினையால் வேறுபடுத்தினார். அவ்வழியின் தொடர்ச்சியாகப் பிரித்தானியாவில் 1972-இல் கிரேக்க ஆட்பெயர் அகராதிப் பணி தொடங்கியது. ஈசியன் கடல் தீவுகளை உள்ளடக்கிய முதல் தொகுதி 1987-இல் வெளிவந்தது. ஓரெழுத்து வேறுபாட்டால் மயங்க வைத்த கோசும் கியோசும் அதே தொகுதியில், ஊர்வாரியாகப் பிரிந்து, தத்தமக்கு உரிய இடத்தில் நிற்கின்றன.

பெயர் அறிவின் வாயில்; வேறுபாடு காண்டலே அறிவு. வினை, இனம், சார்பு என்று தொல்காப்பியர் வகுத்த மூன்று கருவிகள் கிரேக்கத் தீவுகளின் அறிஞரைப் பிரித்தறியவும், அவை மழுங்கும் இடத்தைச் சுட்டவும் போதியன என்றால், தமிழின் ஆய்வுநெறி எந்நாட்டுப் பொருளையும் அளக்கவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அந்நெறியை நாம் கலைச்சொல்லாக்கத்திலும் காத்தல் வேண்டும். திறன் என்னும் ஒரே சொல்லை இயற்பியலில் ஓரளவைக்கும், கல்வியில் ஆற்றலுக்கும், பொறியியலில் பயனளவுக்கும் வழங்கினால், கோசு மருத்துவர் நூல்களுக்கு நேர்ந்த இடரே நம் பாடநூல்களுக்கும் நேரும். ஒரு கருத்துக்கு ஒரு சொல் ஆக்குவோம். ஆக்க இயலாத இடத்தில் அடைமொழி சேர்த்து விளங்க உரைப்போம். இனி இப்போக்கிரட்டீசு என்று எழுதும் தமிழர் ஒவ்வொருவரும், கோசு ஊரினரா கியோசு ஊரினரா என்பதையும் உடன் எழுதுக.