மழை பெய்யும் படத்தில் மகா கச்சேரி! தெரியுமா உங்களுக்கு?

கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி, "இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று மொட்டை மாடியிலிருந்து கத்தியே ஒரு தலைமுறை டிவி பார்த்த ஊர்கள் தேனியும் போடியும் கம்பமும். புள்ளி, கோடு, அலை எல்லாவற்றையும் தாண்டி ‘ஒலியும் ஒளியும்’ பார்த்த கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களுக்கு ஒரு பெரிய விருந்து காத்திருக்கிறது: அந்தக் காலத்து ராக், ப்ளூஸ், ஜாஸ் கச்சேரிப் படங்கள்! இன்று செல்போனில் தேடினாலே கிடைக்கின்றன. "என்னப்பா, படம் பூரா மழை பெய்யுது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மழைக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

உட்ஸ்டாக் மேடையில் ஒரு கொங்கு நாட்டுக்காரர்!

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவுக்குத் திரண்ட கூட்டம் சுமார் 4 லட்சம். முதல் நாள் மேடையேறி அந்த இளைஞர் கடலுக்கு ஆசி உரை சொன்ன காவி உடைச் சாமியார் யார் தெரியுமா? சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர்! சாலையெல்லாம் நெரிசலில் அடைபட்டுக் கிடந்ததால் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். 1970-ல் வெளியான உட்ஸ்டாக் படத்தைத் தொகுத்த குழுவில், பின்னாளில் பெரிய இயக்குநரான மார்ட்டின் ஸ்கோர்செஸியும் இருந்தார். அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

கிதாரைக் கொளுத்தியவர் சிதாரைக் கேட்ட கதை

1967 ஜூன், அமெரிக்காவின் மான்ட்டரே இசை விழா. ஞாயிறு இரவு மேடையிலேயே கிதாருக்குத் தீ வைத்தார் ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அதே ஞாயிறு பகலில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து ரவி சங்கரின் சிதாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்! அந்த விழாவைப் படமாக்கிய பென்னிபேக்கர் கடைசி 18 நிமிடத்தை ரவி சங்கருக்கும் அல்லா ரக்காவின் தபலாவுக்கும் ஒதுக்கினார். அதில் ஆரம்பத்தில் ரொம்ப நேரம் மேடையையே காட்டமாட்டார்; கேட்பவர்களின் முகத்தைத்தான் காட்டுவார். படம் முடிவது அந்தக் கைதட்டலோடுதான்.

ரயில்வே பிளாட்பாரத்தில் ப்ளூஸ்!

1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது இது. ரயில் நின்றுபோன ஒரு ஸ்டேஷனை ஒரு டிவி நிறுவனம் அமெரிக்கத் தென்மாநில ஸ்டேஷன் மாதிரி ஜோடித்துவிட்டது. ஒரு பிளாட்பாரத்தில் கலைஞர்கள், எதிர் பிளாட்பாரத்தில் ரசிகர்கள், நடுவில் தண்டவாளம்! அந்த நேரம் பார்த்துக் கொட்டியது மழை. குதிரை வண்டியில் வந்து இறங்கினார் அமெரிக்கப் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப். வயது 49. குளிருக்குக் கோட்டு, தோளில் எலெக்ட்ரிக் கிதார். பெய்கிற மழையைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம், ஈரத்தில் மின்னும் தரை, பாதி நேரம் முகம் மங்கல். ஆனால் அந்த விரல்கள் கிதார் தந்தியை இழுத்துவிடும் இடத்தில் சிலிர்க்காதவர் யார்? ராக் இசைக்கே பாட்டி முறை அவர்!

காட்சி நியூயார்க்கில், சத்தம் லண்டனில்!

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷியா ஸ்டேடியம். பீட்டில்ஸைப் பார்க்க வந்த 55,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாடியவர்களுக்கே அவர்கள் பாட்டு கேட்கவில்லை. பிறகு படத்தில் எப்படிக் கேட்கிறது? 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல பாட்டுகளுக்கு மறுபடி வாசித்துப் பாடி ஒட்டினார்கள். நம்ம ஊர் டப்பிங் வேலைதான் போங்கள்!

ஒரு ‘கிளாப்’ அடிக்காததால் 46 வருடத் தாமதம்!

1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் இரண்டு இரவு பாடினார். படமெடுத்தவர் பெரிய இயக்குநர் சிட்னி போலாக். ஆனால் சினிமா கம்பெனிப் பையன் கூடச் செய்கிற ஒரு வேலை விட்டுப்போயிற்று. ஷாட்டுக்கு முன்னால் கிளாப் பலகை அடிக்கவில்லை! எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம் என்று பொருத்த முடியாமல் சுருள்கள் முடங்கின. டிஜிட்டல் தொழில்நுட்பம் வந்துதான் உதட்டையும் குரலையும் சேர்த்தது. படம் 2018-ல் திரைக்கு வந்தபோது இயக்குநரும் இல்லை, பாடியவரும் இல்லை.

இதுவாவது பரவாயில்லை. 1969-ல் நியூயார்க் ஹார்லெமில் நடந்த கறுப்பின இசை விழாவின் 40 மணி நேர வீடியோ டேப் கிட்டத்தட்ட 50 வருடம் கிடப்பில் கிடந்தது. 2021-ல் ‘சம்மர் ஆஃப் சோல்’ என்று படமாகி, மறு ஆண்டே ஆஸ்கரைத் தட்டிச் சென்றது!

ஏன் இவ்வளவு மங்கல்?

ஆரம்ப கால டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வேறு வழி இல்லை. ஓடுகிற டிவி திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துத்தான் படம் பிடித்தார்கள்! கினெஸ்கோப் என்று பெயர். பிறகு வீடியோ டேப் வந்தது, யானை விலை. அதனால் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் புதியதைப் பதிந்தார்கள். எத்தனை மேதைகள் அப்படி அழிந்துபோனார்களோ! தப்பியதையும் விஎச்எஸ் கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி எடுத்து எடுத்து, ஒவ்வொரு காப்பியிலும் கொஞ்சம் தெளிவு கரைந்தது. ஃபிலிமில் எடுத்தவை மட்டும் அதிர்ஷ்டசாலிகள். மூலச் சுருள் நன்றாக இருந்தால் இன்றைக்கும் ஸ்கேன் செய்து பளிச்சென்று காட்டலாம். 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவைக் கலரில் எடுத்த ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ அதற்குச் சாட்சி.

இன்னொரு சங்கதி: மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பளபளப்பாக்கிப் போடுகிறார்களே, அந்த முகச் சுருக்கமும் பல்வரிசையும் பல நேரம் கம்ப்யூட்டரின் கற்பனை. பளபளப்புப் பொய்யை விடப் புள்ளி விழுந்த நிஜமே மேல்!

படமே இல்லாத பெரியவர்கள்

ப்ளூஸ் உலகின் தலைமகன் ராபர்ட் ஜான்சன் 1936, 37-ல் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938-ல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் அசைகிற படம் ஒரு நொடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து, தெருவில் ஒருவர் கிதார் வாசிக்கும் துண்டுப் படம் கிடைத்ததும் "இவர்தான் அவர்!" என்று உலகமே குதித்தது. கூர்ந்து பார்த்தார்கள். பின்னால் சுவரில் ஒரு சினிமா போஸ்டர். அந்தச் சினிமா வெளியானதோ 1941-ல்! ஜான்சன் இறந்து மூன்று வருடம் கழித்து! ஒரு போஸ்டர் எல்லார் ஆசையையும் கவிழ்த்துவிட்டது.

நம் பக்கமும் இப்படி உண்டு. 1958-ல் அமெரிக்க ஜாஸ் மேதை டேவ் புரூபெக் தன் குழுவோடு சென்னைக்கு வந்தார். அவருடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவோடு ஜோடி சேர்ந்து மிருதங்கம் வாசித்தவர் யார் தெரியுமா? இடது கை வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை! அந்த நான்கு கைகளை நல்ல படமாகப் பார்க்க எத்தனை பேர் ஏங்குகிறார்கள்!

பண்ணைப்புரத்துக் கச்சேரி

அதே 1958. போடிமெட்டு ஏறிப் போனால் வருகிற தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாட்டிலேயே பிரச்சாரம் செய்தவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். பிறகு தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் சேர, ‘பாவலர் பிரதர்ஸ்’ ஊர் ஊராக மேடையேறினார்கள். ஆர்மோனியமும் கிதாரும் மாட்டு வண்டிப் பாதையில் போன காலம் அது. அந்த ராசையாதான் இளையராஜா, அமர்சிங்தான் கங்கை அமரன். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார் இளையராஜா. அதைப் பிடிக்க எத்தனை கேமரா! பாவலர் பாடிய பொட்டல் மேடைக்கு யார் கேமரா தூக்கி வந்தார்கள்? மழை பெய்தாலும் சரி, கோடு விழுந்தாலும் சரி, பத்து நிமிடப் படம் இருந்தால் நாம் கொண்டாடமாட்டோமா?

உங்கள் பீரோவில் என்ன இருக்கிறது?

பழைய கச்சேரியைப் போனின் குட்டி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிதார் இருப்பதே தெரியாது. ஹெட்போன் போடுங்கள், திரையைச் சின்னதாக வையுங்கள், பாதி மங்கல் மறைந்துவிடும்.

அப்படியே வீட்டு பீரோவையும் திறந்து பாருங்கள். தாத்தா வாசித்த நையாண்டி மேளம், வீரபாண்டித் திருவிழாக் கரகாட்டம், அத்தை கல்யாணத்து நாதஸ்வரம் என்று ஏதாவது ஒரு கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். பூஞ்சையோடு டெக்கில் போட்டுவிடாதீர்கள். டேப்பும் கெடும், டெக்கின் ஹெட்டும் கெடும். வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற ஸ்டுடியோவில் கொடுங்கள். டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையிலேயே கடையைக் கட்டிவிட்டது. ஓடுகிற டெக் ஊரில் மிச்சம் இருக்கும்போதே காப்பி எடுத்துவிடுங்கள்!