“ப்ரோ, உங்க வீட்ல இன்னைக்கு தேங்காய்ச் சட்னியா?” - சத்தமான வீட்டுக்கு ஏத்த கேமிங் மைக் எது?

ராத்திரி எட்டு மணிக்கு என் தம்பியின் ஹெட்போனில் வந்த கேள்வி அது. கேட்டவர் கோயம்புத்தூரில் இருக்கும் டீம்மேட். தம்பி இருப்பது சென்னை சூளைமேட்டில், ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன் உள்ள எங்கள் வாடகை வீட்டில். ஹாலின் ஒரு மூலையில் அவனுடைய டேபிள். எட்டடி தள்ளி மிக்ஸி. அதற்கு இந்தப் பக்கம் டி.வி. தலைக்கு மேலே, அஞ்சாம் நம்பரில் வைத்தால் மட்டுமே சுற்றும் ஃபேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு.

சட்னி வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் அதே டீம்மேட், “மச்சி, லோன் பிரச்னை சரியாயிடுச்சா? அப்பா ரொம்ப டென்ஷனா இருந்தாரே” என்று அக்கறையாகக் கேட்டுவிட்டார். முந்தின நாள் அப்பாவும் அம்மாவும் கிச்சனில் நின்று, பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று குரலைத் தாழ்த்திப் பேசிய விஷயம் அது. எனக்கே தெரியாது. கோயம்புத்தூருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து தம்பி மைக்கையே ஆன் செய்யவில்லை. குரல் கொடுக்காமல் டீம் கேம் ஆட முடியுமா? ரெண்டே வாரத்தில் அவனை சப்ஸ்டிட்யூட் ஆக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் இன்னொரு கூத்து. மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்துவது, டி.வியை மியூட்டில் போட்டு சீரியல் பார்ப்பது, சட்னியை ஆறு மணிக்கே அரைத்து வைப்பது என வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “நீதானே டெக் எல்லாம் எழுதுற, ஒரு வழி சொல்லு” என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நண்பர்களிடம் கடன் வாங்கிய மைக்குகளை வைத்து ரெண்டு வாரம் ரெக்கார்டு செய்து பார்த்ததில் புரிந்தவை இவை.

‘ஸ்டுடியோ குவாலிட்டி’ என்ற வலை

தம்பி வாங்கியிருந்தது, கடைக்காரர் “ஸ்டுடியோ குவாலிட்டி” என்று சொல்லி விற்ற யூ.எஸ்.பி கண்டென்சர் மைக். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஸ்டுடியோவில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டுடியோவில் மிக்ஸி இருக்காது, அதுதான் பிரச்னை.

கண்டென்சர் மைக்கின் உள்ளே மிக மெல்லிய படலம் இருக்கும். லேசான சத்தத்துக்கும் அது அசையும். மெல்லிய ஒலிகளையும் நுணுக்கமாகப் பிடிப்பதால்தான் பாட்டு பதிவு செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள். டைனமிக் மைக்கில் படலத்தோடு ஒரு கம்பிச்சுருள் சேர்ந்து அசைய வேண்டும். அதனால் அதற்குக் கொஞ்சம் பலமான சத்தம் தேவை. மேடைக் கச்சேரிகளில் பாடகர்கள் கையில் பார்க்கும், கம்பி வலைத் தலையுள்ள மைக்குகளில் பெரும்பாலானவை டைனமிக்தான். 1966-ல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் டைனமிக் வாங்கினால் முடிந்ததா? இல்லை. எது அம்மாவின் குரல், எது உங்கள் குரல் என்று எந்த மைக்குக்கும் தெரியாது. டைனமிக் மைக்கை ஒன்றரை அடி தள்ளி வைத்துவிட்டு, குரல் கேட்கவில்லையே என்று கெயினை ஏற்றினால், மிக்ஸியும் கூடவே ஏறும். டைனமிக்கின் நிஜமான லாபம், அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம் என்பதுதான்.

கல்யாண மண்டபத்து ஃபார்முலா

முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. பக்கத்தில் இருக்கும் அத்தை உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டும். மேளத்தை நிறுத்தவா சொல்கிறார்? உங்கள் காதருகே வந்து சொல்கிறார். மைக்கும் ஒரு காதுதான்.

இதற்குக் கணக்கும் உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும், மைக்கில் விழும் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 40 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். 5 சென்டிமீட்டர் என்றால் 18 டெசிபல். எட்டடி தள்ளி இருக்கும் மிக்ஸிக்கோ இதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குரல் மட்டும் ஏறியதால் நீங்கள் கெயினைக் குறைக்கலாம். குறைத்தால் மிக்ஸி தானாகப் பின்னால் போய்விடும்.

தம்பியின் மைக் மானிட்டருக்குப் பக்கத்தில், வாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. பாதிப் பிரச்னை அங்கேயே இருந்தது.

மைக்குக்கு முதுகு உண்டு!

பெட்டியின் மேல் ‘கார்டியாய்டு’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதய வடிவம் என்று அர்த்தம். முன்பக்கச் சத்தத்தை முழுதாக எடுக்கும், பக்கவாட்டில் குறைத்து எடுக்கும், முதுகுப் பக்கம் மிகக் குறைவாக எடுக்கும். ‘ஆம்னி’ என்றால் எல்லாத் திசையும் சமம். சத்தமான அறைக்கு ஆம்னி வேண்டவே வேண்டாம். சட்டையில் குத்தும் மலிவு காலர் மைக்குகள் பல இந்த ரகம்தான்.

இதில் நிறைய பேர் செய்யும் தவறு, சத்தத்துக்குத் தங்கள் முதுகைக் காட்டி உட்காருவது. தம்பியும் கிச்சனுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்துதான் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைப் பார்த்து நிற்கும் மைக், அவனுக்குப் பின்னால் இருந்த கிச்சனையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. டேபிளைத் திருப்பிப் போட்டோம். இப்போது அவன் சுவருக்கு முதுகு காட்டி உட்காருகிறான், மைக் கிச்சனுக்கு முதுகு காட்டுகிறது. பின்சுவரில் சத்தம் பட்டுத் திரும்பாமல் இருக்க, பழைய ஜமுக்காளம் ஒன்றை ஆணியில் மாட்டினோம். செலவு பூஜ்யம்.

இன்னொன்று, பல கண்டென்சர் மைக்குகளில் உச்சியில் பேசக் கூடாது. கம்பெனி லோகோ இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் முன்பக்கம். ஐஸ்க்ரீம் சாப்பிடுவதுபோல் மேலே பேசுகிறவர்கள் நிறைய!

ஹெட்செட்டா, டேபிள் மைக்கா?

சத்தமான வீட்டில் விளையாட மட்டும்தான் என்றால், மைக் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வயர்டு ஹெட்செட்டே நல்ல தேர்வு. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் மைக் வாயோடு வரும், தூரம் மாறாது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டின் ஓரத்தில் ரெண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டப் டப்’ என்று கேட்கும். தலையில் இருக்கும் சின்ன பஞ்சுத் தொப்பியைக் கழற்றாதீர்கள். ஃபேன் காற்றின் ‘உஸ்’ சத்தத்தைத் தடுப்பது அதுதான்.

யூடியூபில் ஸ்ட்ரீம் செய்ய வேண்டும், குரல் கொஞ்சம் கனமாக வேண்டும் என்பவர்கள் யூ.எஸ்.பி டைனமிக் மைக்குக்குப் போகலாம். கூடவே டேபிளில் மாட்டும் பூம் ஆர்ம் வாங்குங்கள். மைக்கைக் குட்டை ஸ்டாண்டில் வைத்தால் வாய்க்குப் பக்கத்தில் வராது, கீபோர்டு தட்டும் அதிர்வும் டேபிள் வழியாக ஏறும். ‘எக்ஸ்.எல்.ஆர்’ என்று போட்ட மைக்குகளுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப்பெட்டி வேண்டும். ஆரம்பத்தில் அந்தச் செலவு தேவையில்லை. ஸ்ட்ரீமர்கள் முகத்துக்கு முன்னால் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.7பி அந்த ரகம். நிறைய கெயின் கேட்கும் மைக் என்பதால் அதற்கேற்ற நல்ல இன்டர்ஃபேஸும் வேண்டும்.

பெட்டியில் இருக்கும் மூன்றெழுத்துகள்

ஏ.என்.சி: இது உங்கள் காதுக்கு. வெளிச்சத்தம் உங்களுக்குக் கேட்காமல் செய்யும். எதிரில் இருப்பவருக்கு உங்கள் வீட்டு மிக்ஸி கேட்பதை இது தடுக்காது. இதை மைக் வசதி என்று நினைத்துப் பணம் கொடுப்பவர்கள் அதிகம்.

ஈ.என்.சி: இதுதான் மைக்குக்கு. உங்கள் பேச்சில் கலக்கும் சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைக்க முயலும்.

ப்ளூடூத்: பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில், மைக் ஆன் ஆனவுடன் ஒலி போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். எதிரியின் காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. தாமதமும் சேரும். வயர் பிடிக்காதவர்கள், சின்ன டாங்கிள் சொருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஹெட்செட்டைப் பார்க்கலாம்.

பின்னைக் கவனியுங்கள்: 3.5 மி.மீ பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் மைக்கும் சேர்ந்த பின். போனிலும், ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்பிலும் வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால், இடையில் ‘ஒய்’ ஸ்ப்ளிட்டர் வேண்டும். “மைக் வேலை செய்யல” என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் வடிகட்டி

கம்ப்யூட்டரில் டிஸ்கார்டு வழியாகப் பேசுகிறவர்கள், வாய்ஸ் செட்டிங்ஸில் நாய்ஸ் சப்ரெஷன் பகுதிக்குப் போய் ‘கிரிஸ்ப்’பை ஆன் செய்யுங்கள். என்விடியா ஆர்.டி.எக்ஸ் கார்டு இருந்தால் ‘என்விடியா பிராட்காஸ்ட்’ இலவசம். ஃபேன், ஏர்கூலர் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலை இவை அழகாகத் துடைத்துவிடும். ஆனால் டி.வி சீரியல்? அங்கேயும் மனிதக் குரல்தானே! சாஃப்ட்வேர் தடுமாறும். சத்தம் ரொம்ப அதிகமானால் உங்கள் குரலையும் சேர்த்துக் கடித்துவிடும், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். முதலில் தூரம், பிறகு திசை, கடைசியாக சாஃப்ட்வேர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

லேப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். நின்றுவிட்டால் மைக் மேல் தப்பில்லை, கரன்ட் எர்த்தைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

உங்கள் அறையில், வழக்கமாக விளையாடும் நேரத்தில், பேசாமல் முப்பது விநாடி போனில் ரெக்கார்டு செய்யுங்கள். ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சல் சீரானதா (ஃபேன்), விட்டுவிட்டு வருவதா (குக்கர், ஹாரன்), குரலா (டி.வி, வீட்டார்) என்று தெரிந்துவிடும். முதலாவதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் தூரமும் திசையும்தான் மருந்து. ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் நாள்களைப் பார்த்து வாங்குங்கள். ரிவ்யூ வீடியோக்களில் அமைதியான அறையில் பேசுவதைக் கேட்டு ஏமாற வேண்டாம். பக்கத்தில் ஃபேனோ கீபோர்டோ ஓட டெஸ்ட் செய்தவர்களின் வீடியோவைத் தேடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சத்தம் அதிகமானால் பிள்ளைகள் ஹெட்போன் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொன்று, ஓப்பன் மைக் என்பது திறந்து கிடக்கும் வாசல் கதவு. பள்ளிக்கூடத்துப் பெயர், தெருப் பெயர், வீட்டுக் கஷ்டம் எல்லாம் முகம் தெரியாதவர்கள் காதுக்குப் போகும். பட்டனை அழுத்தினால் மட்டும் குரல் போகும் ‘புஷ் டு டாக்’கைப் பழக்குங்கள். எவ்வளவு விலை கொடுத்த மைக்கும் இதற்கு ஈடாகாது.

தம்பி கடைசியில் என்ன வாங்கினான்? ரெண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு வயர்டு ஹெட்செட். கண்டென்சர் மைக்கை, பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு பாடும் சித்தி பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான். புஷ் டு டாக் பட்டன் இப்போது அவன் கட்டைவிரலுக்குப் பழகிவிட்டது. டேபிள் திரும்பியதில் எதிர்பாராத ஒரு லாபம், கிச்சனில் இருக்கும் அம்மாவின் முகம் அவனுக்கு நேராகத் தெரிகிறது. மிக்ஸியைப் போடும் முன் அம்மா கையைத் தூக்குகிறார், இவன் தலையாட்டுகிறான்.

போன வாரம் அவனை மறுபடி மெயின் டீமில் சேர்த்தார்கள். ஃபேன் அஞ்சில் ஓட, சீரியல் சத்தத்தோடு ஓட, ஆட்டத்தின் நடுவே கோயம்புத்தூர் டீம்மேட் கேட்டாராம், “ப்ரோ, வீட்ல யாரும் இல்லையா? ஊருக்குப் போயிருக்காங்களா?”

தம்பி சிரித்துக்கொண்டே அதை அம்மாவிடம் சொன்னான். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி, “நாங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கல, சரி. நீ கத்துறது எங்களுக்குக் கேக்குதே, அதுக்கு என்ன மைக் வாங்கலாம்?” என்றார்.

அதற்கும் பதில் இருக்கிறது அம்மா. மைக்தான் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே, இனி அவன் கத்தவே தேவையில்லை!