ஓடித் திரியும் பூனைக்கு இருதயப் பரிசோதனை ஏன்?

ஊரில் பூனை என்பது எலி பிடிக்க வீட்டுக்கு வந்து போகும் ஒரு சீவன். இங்கு டென்மார்க்கில் அது பிள்ளைகளின் கட்டிலில் படுத்துறங்குகிறது. மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள் பூனையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இருதயத் தசை தடிக்கும் இந்த நோய் பூனைக்கும் மனிதருக்கும் பொதுவானது.

இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து இறுகுவதால் உள்ளே இரத்தம் சரிவர நிரம்பாது. மேலறை விரிந்து, அங்கே இரத்தம் உறையத் தொடங்கும். அந்தக் கட்டி நகர்ந்து பெருநாடி பிரியும் இடத்தை அடைத்தால், நேற்றுவரை துள்ளித் திரிந்த பூனையின் பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழக்கும். வலியில் அது கத்தும் கத்தலைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டென்மார்க்கில் 329 பிரிட்டிஷ் ஷோர்ட்ஹெயார் பூனைகளை ஸ்கான் செய்து பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 8.5 வீதமானவற்றுக்கு நோய் இருந்தது. பெட்டைகளில் 2.1 வீதம், கடுவன்களில் 20.4 வீதம், அதாவது ஐந்தில் ஒன்று!

ஸ்டெதஸ்கோப் மட்டும் போதாது. நோயுள்ள சில பூனைகளில் இருதய இரைச்சல் கேட்காது, இரைச்சலுள்ள பல பூனைகளுக்கு நோய் இராது. இரத்தப் பரிசோதனை சந்தேகத்தை எழுப்பலாம், முடிவைச் சொல்வது ஸ்கான்தான். மெயின் கூனில் 2005இலும் றாக்டோலில் 2007இலும் மரபணுக் கோளாறுகள் கண்டறியப்பட்டன. அவை இல்லை என்றாலும் நோய் வராது என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஸ்கான் நன்றாக இருந்தாலும் பின்னர் நோய் தோன்றலாம்.

எல்லாப் பூனைகளுக்கும் ஸ்கான் தேவையா? எங்கள் அபிப்பிராயம், இல்லை. மஞ்சள் அட்டை பூனைக்குக் கிடையாது, செலவு உங்களுடையது. சாதிப் பூனை வாங்குவோர் தாய், தகப்பன் பூனைகளின் ஸ்கான் முடிவைக் கேட்டு வாங்குங்கள். இரைச்சல் கேட்ட பூனைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் ஸ்கான் பற்றி மிருக வைத்தியரிடம் கதையுங்கள். மேலறை விரிந்திருந்தால் அவர் குளொபிடோகிரல் தரக்கூடும். எங்கள் பெரியவர்கள் பலர் விழுங்கும் அதே குளிசைதான். அதற்காக அப்பாவின் குளிசையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பனடோல், இங்கே பனோடில், பூனைக்கு நஞ்சு.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பூனை தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தொடர்ந்து தாண்டினால் மிருக வைத்தியரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சிழுத்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டு ஓடுங்கள்.

இனி மனிதருக்கு வருவோம். மெயின் கூனில் பழுதடைந்த அதே மரபணு மனிதரிலும் இந்த நோய்க்கு ஒரு முக்கிய காரணம். அப்படியான மரபணுக் கோளாறு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 வீத வாய்ப்பு உண்டு. ஆகவே நோயாளியின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளை அறிகுறி இல்லாவிட்டாலும் இங்கு இருதயப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் குடும்பங்களின் நோய் வரலாறு எந்தக் கணினியிலும் இல்லை. விளையாடும்போது விழுந்து இறந்த சித்தப்பாவுக்கு “வெயில் பட்டது” என்றும், நித்திரையில் போன மச்சானுக்கு “பேய் அமத்தினது” என்றும் சொல்லி முடித்திருப்போம். 50 வயதுக்கு முன் அப்படித் திடீரென இறந்த இரத்த உறவினர் இருந்தால், அவரது பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு போய் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள்.