கிருமி வீட்டு ரகசியம் – 14: தனக்கே வைத்த நஞ்சு

1944-ல் ஜோசஃப் பிகர் என்ற ஆய்வாளர், பெனிசிலினுக்கும் சாகாமல் மிஞ்சிய சில கிருமிகளைப் பார்த்தார். போன வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம்.

அதைப் படித்துவிட்டு, பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "டிபிக்கு ரெண்டு மாசம் மாத்திரை போட்டதும் இருமல் நின்னுடுச்சு, வெயிட்டும் ஏறிடுச்சு. இன்னும் நாலு மாசம் எதுக்கு சார்?" ஒரு வேளைகூட விடாமல் போடுங்கள் என்று முதலில் சொன்னேன். காரணத்தில் ஒரு பகுதி கீழே.

காசநோய்க் கிருமிக்குள் நஞ்சு ஒன்று, அதற்கு முறிவு ஒன்று என்று ஜோடி ஜோடியாக உண்டு. காலராக் கிருமி நம் குடலில் விடும் நஞ்சு போன்றதல்ல இது. கிருமி தனக்கே வைத்துக்கொண்டிருப்பது. நஞ்சு நிலைத்து நிற்கும். முறிவோ சீக்கிரம் சிதையும், ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பட்டினி, நம் வெள்ளணுக்களின் தாக்குதல், மருந்து என்று நெருக்கடி வந்தால் முறிவு குறைகிறது. நஞ்சு கட்டவிழ்ந்து, பெரும்பாலும் புரதம் செய்யத் தேவையான ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. லைனை நிறுத்திவிட்ட ஃபேக்டரி மாதிரி கிருமி அடங்கிவிடும். வளரும் கிருமியை அடிக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. அப்படி அடங்கி மிஞ்சியவற்றை முடிக்கத்தான் அந்த நாலு மாசம்.

இந்த வாரம் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இந்த ஜோடிகளின் எண்ணிக்கையைத்தான். காசநோய்க் கிருமியிடம் 80-க்கு மேல்! மொத்த மரபணுக்களே ஏறத்தாழ 4,000. மண்ணில் வாழும் அதன் சாது உறவுக்காரன் ஸ்மெக்மாட்டிஸிடம் விரல்விட்டு எண்ணுமளவுதான். அப்படியானால் நோய்க்குக் காரணம் இந்த ஜோடிகளே என்று துள்ளத் தோன்றும். துள்ள விடாமல் காலை வாருகிறது இதே குடும்பத்துத் தொழுநோய்க் கிருமி. செங்கல்பட்டு திருமணியில் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் அது. அந்தக் கிருமியிடம் ஜோடிகளின் சிதைந்த மிச்சங்கள்தான். ஆனாலும் வருஷக்கணக்கில் உடம்பில் குடியிருக்கிறது.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. நஞ்சுகளை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கியும் பார்த்திருக்கிறார்கள், நம் ஃபரீதாபாத்தில். ரமன்தீப் சிங் குழு காசநோய்க் கிருமியிலிருந்து மாஸ்எஃப் வகை நஞ்சுகளில் 3, 6, 9 என்ற மூன்றையும் சேர்த்து நீக்கியது. அந்தக் கிருமி மருந்துக்கும் பட்டினிக்கும் முன்போல் தாக்குப்பிடிக்கவில்லை. கினிப் பன்றிகளின் உடலில் அதன் எண்ணிக்கையும் அது செய்த சேதமும் குறைந்தன. 2015-ல் வெளியான ஆய்வு. மூன்று நஞ்சுகளும் கூட்டுச் சேர்ந்து கிருமியைக் காக்கின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1959-ல் காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் அதுவும், ஈ.கோலையில் இதே நஞ்சு ஜோடிகளைப் பற்றி வெளிவந்து, பிறகு 2018-ல் திரும்பப் பெறப்பட்ட பிரபலமான ஆய்வுக் கட்டுரைகளின் கதையும்.