வாத்தைப் பழக்கும் வகை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் சில வீடுகளின் வாயிற்கதவைத் திறந்ததும், நீண்ட கழுத்தைத் தரையோடு தாழ்த்திச் சீறிக்கொண்டு ஓடிவரும் பெரிய பறவையொன்றை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். சிலர் அதனிடம் கடியும் பட்டிருப்பீர்கள். மக்கள் அதனைக் கூஸ் வாத்து என்பர். வயல்களில் மந்தையாக மேயும் வாத்துக்கு அது உறவுதான். ஆயினும் உருவிற் பெரியது. பெரும்பாலும் புல்லை மேய்வது. நன்கு பேணினால் இருபது ஆண்டுகளும் வாழக்கூடியது. அதனைப் பழக்குவது எப்படி என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பழக்கத் தெரியாமல் நான் ஒன்றைக் கெடுத்த கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு குஞ்சை வாங்கி வந்தேன். அது முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அட்டைப்பெட்டியில் வைத்து, மின்விளக்கின் வெப்பத்தில் வளர்த்தேன். தனியே விட்டால் ஓயாமற் கத்தும். என் காலடி ஓசை கேட்டால் அடங்கும். சில நாட்களில் நான் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்தது. தெருவே வியந்தது, நானும் பெருமை கொண்டேன்.

குஞ்சு வளர்ந்து சேவலாயிற்று. பருவம் வந்ததும் பால்காரரைக் கடித்தது. அடுத்த வீட்டுச் சிறுவனைத் துரத்தி விழச் செய்தது. நான் கோலெடுத்து அடித்தேன். அடிக்க அடிக்க அதன் சீற்றம் மிகுந்தது. ஒருநாள் அச்சிறுவனின் பாட்டி வந்து, “தம்பி, உங்கள் வாத்து வாசலில் இருக்கிற வரைக்கும் என் பேரன் தெருவில் விளையாட முடியாது. என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கொன்ராட் லோரென்சு, சாம்பல் நிறக் காட்டு வாத்துகளுடன் பல்லாண்டு பழகி ஆராய்ந்தவர். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, முதலில் தன் முன் அசையும் உயிரையே தாயாகக் கொண்டு தொடர்கிறது என்பதை அவர் 1935-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக விளக்கினார். இதனை மனப்பதிவு என்று கூறலாம். பிறந்த சின்னாட்களுக்குள் நிகழ்வது இது. பின்னர் எளிதில் மாறுவதன்று. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்காக 1973-இல் மற்றிருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது என் பிழை எனக்குப் புலனாயிற்று. என் வாத்து தன் இனத்தைக் கண்டதே இல்லை. மனிதரையே தன் இனமாக எண்ணியிருந்தது. ஆகவே பருவம் வந்ததும், மற்றொரு சேவலுடன் இட வேண்டிய சண்டையை மனிதருடன் இட்டது. கோலெடுத்த நான் அதன் கண்ணுக்கு ஆசான் அல்லேன். மற்றொரு போட்டிச் சேவலே ஆனேன்.

கற்பிக்க இயலாதவையும் உண்டு. கூட்டுக்கு வெளியே உருண்ட முட்டையைத் தாய்வாத்து அலகின் அடிப்புறத்தால் உள்ளே உருட்டும். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும், அலகு இல்லாத முட்டையை உருட்டுவது போலவே அச்செயலை முடிக்கும். லோரென்சும் டின்பர்கனும் 1938-இல் இதனை விளக்கினர். இதுவே இயல்பூக்கம். கூட்டைக் காப்பதும் அத்தகையதே. அதனை அடித்து மாற்ற முயல்வது, மழையை வைவதற்கு ஒப்பாகும்.

பிறகு வழி என்ன? பூந்தமல்லிக்கு அப்பால், அறுவடை முடிந்த வயலில், நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு நீண்ட கோலுடன் மேய்த்துக்கொண்டிருந்த முதியவரைக் கண்டேன். அவர் கோலால் ஒன்றையும் அடிக்கவில்லை. போகக் கூடாத பக்கத்தில் கோலை நீட்டினார், அவ்வளவே. “ஐயா, அடித்தால் சிதறிப் போகும். ஒரே குரல், ஒரே வழி, அது போதும்” என்றார்.

அடுத்த முறை மூன்று குஞ்சுகளை ஒன்றாகவே வளர்த்தேன். இரை வைக்கும்போதெல்லாம் ஒரே சொல்லால் அழைத்தேன். சில வாரங்களில் அச்சொல் கேட்டதும் ஓடிவந்தன. காலையில் மேய்ச்சலுக்கும், பொழுது சாயுமுன் கொட்டிலுக்கும் ஒரே வழியில் இட்டுச் சென்றேன். தலையை முழுவதும் அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் தொட்டி நீர் வைத்தேன். மடியில் வைத்துக் கொஞ்சுவதை விட்டேன்.

அவற்றின் குறிப்பையும் அறிந்துகொண்டேன். தலையை உயர்த்தி அசையாது நின்றால் ஐயம். கழுத்தைத் தாழ்த்தி நீட்டிச் சீறினால் எச்சரிக்கை. அப்போது ஓடுதல் தவறு. ஓடுபவரை அது துரத்தும். கைகளை விரித்து, அமைதியாக நின்ற இடத்தில் நிற்றல் வேண்டும். பகையை விரட்டிய சேவல் தன் துணையிடம் திரும்பி உரக்கக் கூவும். அது வெற்றி முழக்கம். புதியவரைக் கண்டதும் கூவும் இவ்வியல்பு கருதியே, ஸ்காட்லாந்தில் ஒரு மதுக்கிடங்கைக் காக்க 1959 முதல் 2012 வரை வாத்துகளை வைத்திருந்தனர்.

முதல் வாத்து என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பெட்டையைக் கொண்டுவந்து சேர்த்தேன். பல மாதங்கள் அதனை ஏறிட்டும் பாராமல் என் சன்னலடியிலேயே நின்றது. பின்னர் மெல்ல மெல்லப் பெட்டையின் அருகில் மேயத் தொடங்கிற்று. எனினும் முட்டையிடும் பருவத்தில் மனிதர் மீது அதற்குள்ள சினம் முற்றும் தணியவில்லை. ஆகவே வேலியிட்டேன். சிறுவன் மீண்டும் தெருவில் விளையாடுகிறான். வேலிக்கு வெளியே நின்று கீரையும் நீட்டுகிறான்.

வேலி அந்த வாத்தின் குற்றத்துக்காக இட்டதன்று. என் அறியாமைக்காக இட்டது. ஓர் உயிரைப் பழக்க விரும்புவோர் முதலில் அதன் இயல்பைக் கற்றல் வேண்டும். குஞ்சை வாங்குவதாயின் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். நம்மைத் தாயென்று நம்பும் உயிருக்கு, அதன் சுற்றத்தையும் நாமே தேடித் தருதல் கடமையாகும்.